மூன்றரை மணி வெந்நீர்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் கேட்கிறேன். உங்கள் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் குரல் எனக்கு உங்கள் குரலைவிடப் பழகிப்போய்விட்டது.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. உங்களைப் போலவே கொஞ்சம் முன்னால் வந்திருக்கின்றன, பாவம். அத்தைக்கு இடது கண் மங்கிக்கொண்டு வருகிறது. மருத்துவமனைக்குக் கூப்பிட்டால், பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாயிற்று என்கிறார். நான் சலவைக்கூடத்தில்தான் இருக்கிறேன். இஸ்திரிப் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள்.

கரண்டு பில் கட்ட முடியாததால், இணைப்பைத் துண்டிப்போம் என்று இரண்டாவது நோட்டீசும் வந்துவிட்டது. நம் மாதிரி வீடுகளுக்கு உதவும் திட்டம் ஒன்று இருப்பதாகக் கீழ்வீட்டுத் தையல்காரி சொன்னாள். எழுதிப் போட்டேன், ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்தாள். அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்ததும், ரப்பர் போய்விட்டது அக்கா, தெருவுக்கே ஏசி போடுகிறீர்கள் என்றாள். ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் பட்டை ஒட்டினாள், பல்புகளை மாற்றினாள். எந்த நேரத்தில் எவ்வளவு கரண்டு போகிறது என்று குறித்துக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டியை மீட்டரில் மாட்டி, ஒரு வாரம் இருக்கட்டும் என்றாள்.

அதற்குப் பிறகுதான் படிவம். வீட்டில் எத்தனை பேர்? நான்கு என்று எழுதினால் நான்காவது ஆளின் சம்பளச் சீட்டு வேண்டும். இல்லையென்றால், அவர் இந்தக் குடும்பத்தில் இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், கத்திகூட நிற்கவில்லை. "வெட்டிடு. எழுதி வெச்சா மட்டும் வந்துடப்போறானா?" என்றார். பெற்ற வாய் சொன்ன தைரியத்தில் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பெட்டியைக் கழற்றியவள் முகம் மாறிவிட்டது. மூன்று பேர் என்றீர்கள், தண்ணீர் நான்கு பேருக்குக் காய்கிறதே என்றாள். தினமும் மதியம் மூன்றரைக்குக் குளியலறை ஹீட்டர் ஓட ஆரம்பித்து ஆறு மணி வரை ஓடுகிறதாம். அது ஓட ஆரம்பிக்கிற நேரத்தில் நான் வேலையில் இருப்பேன், பாப்பா பள்ளிக்கூடத்தில். அத்தையைக் கேட்டோம். தூங்குகிற நேரம், எனக்கென்ன தெரியும் என்றார். மாவுமில்லில் உங்கள் ஷிப்ட் முடிந்து, தலைமுதல் கால்வரை வெள்ளையாக நீங்கள் வந்து நிற்கும் நேரம் மூன்றரை. அதை எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

மறுநாள் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு நான்கு மணிக்கே வந்தேன். குளியலறைக்கு வெளியே முக்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார். மடியில் உங்கள் துண்டு. நீங்கள் வரத் தாமதமானால் தண்ணீர் ஆறிவிடுமே என்றுதான் ஹீட்டரை அணைக்காமல் விட்டிருக்கிறார். என்னை அவர் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு, ஆறு மணி வரை தெருத்தெருவாக நடந்தேன். திரும்பி வந்தபோது அந்த வெந்நீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, இன்றைக்கு அழுக்கு அதிகம் என்றார்.

ஹீட்டரை இப்படி ஓட விட்டால் உதவி கிடைத்தும் பயனில்லை என்று அந்தப் பெண் ஒரு டைமர் கொண்டுவந்தாள். போன செவ்வாய்க்கிழமை. நான் லீவு போட்டிருந்தேன், அத்தையைத் தையல்காரி ஒருவழியாகக் கண் டாக்டரிடம் இழுத்துப் போயிருந்தாள். உங்கள் வீட்டுப் பழக்கப்படியே இருக்கட்டும், மூன்றரைக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே தானாக ஓடும்படி வைக்கிறேன், இருபது நிமிடத்தில் தானே அணைந்துவிடும் என்றாள். நான் சரி என்றேன். அத்தை திரும்பி வந்தபோது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், நான் பார்த்துவிட்டேன் என்பது தெரிந்துவிடும். அவருக்கு இருக்கும் ஒரே ரகசியம் அது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். இவ்வளவு பெரிய தப்பை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை.

அன்று மூன்றரைக்கு நான் சமையலறையில் இருந்தேன். அத்தை தூங்கி எழுந்து நடைக்கு வந்தார். ஸ்விட்சுக்குக் கையை நீட்டினார், கை அப்படியே நின்றுவிட்டது. சிவப்புப் புள்ளி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் தண்ணீர் காய்கிற இரைச்சல் கேட்டது. அத்தை கதவில் காதை வைத்தார். பிறகு விரலால் மெதுவாகத் தட்டி, "என்னப்பா, சூடு போதுமா?" என்றார்.

என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தில், நீங்கள் போனதிலிருந்து இரண்டு வருடமாகக் காணாத சிரிப்பு. "சத்தம் போடாதே, குளிக்கிறான்" என்றார்.

மூன்றே முக்காலுக்குப் புள்ளி அணைந்தது. துண்டோடு ஒரு மணி நேரம் நின்றார். கதவைத் திறந்து பார்க்கவில்லை. எனக்கும் திறந்து காட்டத் தைரியம் வரவில்லை. பாப்பா வந்து கால் கழுவ உள்ளே போனபோதுதான் தன் அறைக்குப் போனார். இன்றோடு ஆறு நாள். தினமும் மூன்றரைக்குக் கதவைத் தட்டுகிறாராம், தையல்காரி சொல்கிறாள். அவன் ரொம்ப இளைத்திருப்பான், அதுதான் வெளியே வர வெட்கப்படுகிறான் என்று நேற்று என்னிடமே சொன்னார்.

அது ஒரு மிஷின் என்று அவரிடம் என்னால் சொல்ல முடியாது. உங்கள் பெயரை வெட்டிய கை என்னுடையது. இதையும் நானே செய்ய வேண்டுமென்றால் எனக்குச் சக்தியில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வேறு குடும்பமே இருந்தாலும் இல்லை. உங்கள் குரலை ஒரே ஒரு தடவை அத்தை கேட்கட்டும்.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது பிரித்திருந்தால், ஐயா, அம்மா, நீங்கள் யாரானாலும் நன்றாக இருங்கள். அவர் கொடுத்துவிட்டுப் போன இந்த முகவரிக்கு நான் போட்ட கடிதம் எதுவும் திரும்பி வரவில்லை. அவர் அங்கே இல்லையென்றால், இதை மட்டுமாவது திருப்பி அனுப்பிவிடுங்கள். அது கைக்கு வந்த பிறகாவது நான் ஹீட்டரை அணைக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி