கத்தியது கப்பி இல்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை உன் காதுக்கு வரும். பின்வாசலில் நான், ஈரத்தலையோடு உன் அண்ணி, நாற்காலியில் பேப்பரோடு உன் அப்பா, பக்கத்து வீட்டு நர்ஸ். அவ்வளவுதான்.

அந்த நர்ஸோடு நான் பேசி மூன்று மாதம் ஒன்பது நாள் ஆகியிருந்தது. கால் முறிந்து கிடந்தபோது நாற்பது நாள் என்னைக் குளிப்பாட்டியவள், அதை மறக்கவில்லை. ஆனால் விடிந்தால் போதும், அவள் துணிக்கொடியின் கப்பி டுவீ டுவீ டுவீ என்று என் தலைமாட்டில் கத்தும். எண்ணெய் விடச் சொன்னேன், விட்டேன் என்றாள், மறுநாளும் கத்தியது. வேண்டுமென்றே இழுக்கிறாள் என்று வாசலில் நின்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டேன். அதோடு அவள் வருவது நின்றது. எனக்கு பிரஷர் பார்க்கவும் ஆளில்லை, பேச்சுக்கும் ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை அவளே வந்தாள், கப்பியைக் கயிறோடு கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. "வர்ற வாரம் வீடு மாத்தறேன்க்கா, இனிமே நிம்மதியாத் தூங்குங்க" என்று மேசையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை, டுவீ டுவீ என்று கேட்டது. அண்ணிதான் தொட்டியிலிருக்கும் அகல இலைச் செடியைக் காட்டினாள். கட்டைவிரல் அளவு பச்சைக் குருவி, நெற்றியில் துரு நிறம், வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு, அந்தத் தொண்டையிலிருந்து அத்தனை சத்தம்! கிட்டப் போனால், ஒரு இலையை மடித்து ஓரத்தில் பஞ்சால் தையல் போட்டிருக்கிறது, நம் மெத்தைப் பஞ்சுதான். உள்ளே மூன்று வாய் திறந்திருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் வராது, உனக்குத் தெரியும். "மெஷினை எடுத்துட்டு வா, மூணு மாசமா பிரஷர் பார்க்கலை" என்றேன். "அதுக்கு மெஷின் எதுக்கு, முகத்தைப் பார்த்தாலே தெரியுதே" என்றாள், ஆனால் போய் எடுத்துவந்தாள். அவள் வீட்டில் சாமான் பாதி கட்டியாயிற்று, போய்விடுவாளோ என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று கொடியைத் திரும்பக் கட்டினாள், கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு உன் அப்பா பேப்பரை இறக்காமல் சொன்னது இது: "அது தையல்சிட்டு. எனக்கு முதல் நாளே தெரியும்." ஏன் சொல்லவில்லை என்றால், "நீ எங்க கேட்ட, நீ சொல்லிக்கிட்டுல்ல இருந்த" என்கிறார்.

நோய்நொடி இல்லாமல் நீங்கள் மூவரும் நிறைவாக இருங்கள். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. போனில் இங்கே பேப்பர் படிக்கிறவர் இதைச் சொல்லிச் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரிக்காதே. நர்ஸ் ஒரு தப்பும் செய்யவில்லை, குருவி பாவம், நான் மன்னிக்கப் போவதில்லை என்றால் அது உன் அப்பாவைத்தான்.

உன் அம்மா