கழுவேறி

12.7.1979, வியாழன்

கோபம் வந்தால் மகள் செல்வியைக் "கழுவேறி" என்று வைவது என் வழக்கம். நேற்று அதற்கு அர்த்தம் கேட்டாள். "பாத்திரம் கழுவாத சோம்பேறி" என்று அளந்துவிட்டேன். அதை அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறாள். தமிழ் டீச்சர் சிரித்துவிட்டு, கழு என்றால் கூராகச் சீவிய மரம், அந்தக் காலத்தில் குற்றவாளியை அதில் ஏற்றிக் கொல்வார்கள் என்றார்களாம்.

"எப்பா, என்னையவா அதுல ஏத்தணும்ங்கிய?" என்றாள். முகம் வாடியிருந்தது. எட்டாங்கிளாஸோடு படிப்பை நிறுத்திய பண்டிதர் நான். இனி அந்த வார்த்தை இந்த வாயில் வராது என்று முடிவெடுத்தேன்.

சாப்பிடும்போது ரசத்தைக் கொட்டினாள்.

"ஏட்டி, கழு..."

நிமிர்ந்து பார்த்தாள்.

"...வு. கையக் கழுவுட்டி."

சிரித்துவிட்டாள். நாளைக்கு அந்தப் பாதியும் வரக்கூடாது.