தண்ணீர் எலி, இலை எலி

மார்ச் 3, திங்கள்

விடியும்போதே மழை. கூண்டில் நான்கும் செத்துக் கிடந்தன. இலைச்சாறு குடித்த இரண்டு, வெறும் தண்ணீர் குடித்த இரண்டு. மூக்கில் இரத்தம், வாயில் இரத்தம். அறுத்துப் பார்த்தேன். வயிறு மட்டுமில்லை, உள்ளே தொட்ட இடமெல்லாம் இரத்தம். இத்தனைக்கும் புண் உண்டாக்கும் வலி மாத்திரையை இன்னும் கொடுக்கவே இல்லை. விளங்கவில்லை.

லெட்சுமி பின்வாசலில் வந்து நின்று கத்தினாள். "சோறு திங்கிற தட்டுலயா எலிய அறுக்குறீங்க? கருமம்!" தட்டைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் வீசினாள். நல்ல பீங்கான்.

யாருக்காகச் செய்கிறேன்? கட்டிய மனைவியின் வயிற்றுப் புண்ணுக்குத்தான். மூட்டு வலிக்கு மாத்திரை தின்று தின்று வந்த புண். கிளினிக்கில் அந்த டாக்டர் பெண் என் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அங்கிள், முதல்ல எலிக்குக் கொடுத்துப் பாத்தீங்களா?" வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பாட்டிலால் மேசையில் ஓங்கி அடித்தேன். கண்ணாடி உடைந்து சிதறியது. வெளியே தள்ளிவிட்டார்கள்.

மணத்தக்காளி, வல்லாரை, வாழைக்காய்த் தோல் பொடி. இதுதான் மருந்து. எலி கேட்டாள் அல்லவா, எலியே காட்டுகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

மழை விட்டது. புது எலி பிடிக்கச் செம்பனைத் தோட்டத்துக்குப் போனேன். மரத்தடிக்கு மரத்தடி சிவப்பாய்ச் சின்னச் சின்னக் கட்டி. குனிந்து எடுத்தேன். பின்னால் ஆள் மேய்க்கும் மண்டோர் சுப்ரா.

"அதைக் கையால தொடாதீங்க பெருசு. எலி மருந்து லா. தின்னுச்சுன்னா ரத்தம் கக்கித்தான் சாகும்."

கூண்டைப் பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு. குலை வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டான். "டேய், இங்க வாங்கடா! நம்ம விஷம் தின்ன எலிக்கு டாக்டர் மருந்து கொடுக்குறாரு!"

அறைந்தேன். இரண்டாவது அறை பல்லில் பட்டது. அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ள, கால்வாயில் விழுந்தேன். முழங்கைத் தோல் உரிந்தது. அவனுக்கு உதடு கிழிந்தது. சரிதான்.

இதே தோட்டத்தில் ஆயுசுக்கும் லாரி ஓட்டியவன் நான். அப்போது எலிக்கு ஆந்தைதான். கம்பம் நட்டு, மேலே பெட்டி கட்டி வளர்த்தோம். மருந்து எப்போது வந்தது? கேட்காமல் விட்டது என் மடத்தனம். அதற்காக அவன் சிரிப்பானா?

மார்ச் 6, வியாழன்

குளுவாங் டவுனுக்குப் போனேன். பஸ்ஸில் நின்றபடியே. பாம்பு வளர்க்கிறவர்களுக்கு வெள்ளெலி விற்கும் கடை. கடைக்காரத் தவுக்கே கேட்டான், என்ன பாம்பு என்று. பாம்பு இல்லை, வயிற்றுக்கு என்றேன். "அலமாக்! அங்கிள் சாப்பிடவா?" ஒரு டஜன் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே பெட்டியில் போட்டான்.

வாங்கியது: எலி, தவிடு, பெரிய பூதக்கண்ணாடி, லெ.க்குப் புதுத் தட்டு.

மார்ச் 9, ஞாயிறு

நல்ல வெயில். எலிகள் நேற்றிலிருந்து பட்டினி. லெ.யின் மூட்டு மாத்திரையைப் பொடித்துச் சீனித் தண்ணீரில் கரைத்து, எட்டு எலிக்கும் ஒரே அளவு. நான்கைத் தனியாகப் பிரித்து அவற்றுக்கு மட்டும் இலைச்சாறு. மற்ற நான்குக்கு வெறும் தண்ணீர். டஜனில் மிச்சம் நான்கைத் தொடவில்லை.

தண்ணீர் எலி ஒன்று கட்டைவிரலைக் கடித்துத் தொங்கியது. உதறினேன், விடவில்லை. சுவரில் அடித்தேன். சுவரில் கறை. கையில் தையல் போடும் அளவுக்குக் கிழிசல். போடவில்லை. மஞ்சள் அப்பினேன்.

அது போனதால் ஏழு.

மார்ச் 10, திங்கள்

தண்ணீர் எலி மூன்று. அவற்றின் புழுக்கை கறுப்பு, தார் மாதிரி. கட்டையால் தலையில் ஒரே அடி. வயிற்றை நீளவாக்கில் பிளந்து, கழுவி, விரித்தேன். மூன்றிலும் சிவப்புக் கோடு கோடாகப் புண்.

இலை எலி நான்கு. ஒன்றில் மட்டும் சின்னதாய் ஒரு புள்ளி. மற்றவை வெள்ளை வெளேர். திரும்பவும் கழுவிப் பார்த்தேன். வெளேர்தான்!

லெ.யை இழுத்து வந்து பூதக்கண்ணாடியைக் கையில் திணித்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாத்திரை ரெண்டு பக்கமும் ஒரே அளவா?"

"ஒரே அளவு."

"இலை குடிச்சதுக்கு ஒன்னும் ஆகலையா?"

"உன் கண்ணாலதான பாக்குற?"

உள்ளே போனாள். டம்ளர் எடுத்து வந்தாள். நான் சொல்லாமலே சாற்றை ஊற்றிக் குடித்தாள். இத்தனை வருஷத்தில் என் சொல்லை அவள் நம்பியது இன்றுதான். கிளினிக்கில் கொடுத்த வயிற்று மாத்திரையைக் குப்பையில் போடு என்றேன். போட்டாள்.

மார்ச் 13, வியாழன்

மேகமூட்டம். லெ. காலை, மாலை தவறாமல் குடிக்கிறாள். நடையே மாறிவிட்டது. கோயிலுக்கு நடந்தே போய் வந்தாள். வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போட்டாள். அப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று.

"முட்டி நோவு இப்ப இல்லீங்க," என்கிறாள்.

இலை மூட்டுக்கும் கேட்கிறது போல. இதையும் சோதிக்க வேண்டும். அந்த டாக்டர் பெண் முகத்தில் விரித்த வயிறுகளை அப்படியே எறிய வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

காலையில் லெ. பசியாறவில்லை. முகம் வெளிறியிருந்தது. கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். கழிப்பறைக்குள் போனவள் வரவில்லை. உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். கூப்பிட்டேன். பதில் இல்லை. கோடாரியால் தாழ்ப்பாளோடு கதவைப் பிளந்தேன்.

கீழே கிடந்தாள். தரையெல்லாம் கறுப்பு. தார். தண்ணீர் எலிக் கூண்டில் பார்த்த அதே கறுப்பு.

தூக்கினேன். கண்ணைத் திறந்து என் மார்பில் குத்தினாள். "ஆஸ்பத்திரி வேணாம். இலைச்சாறு கொடுங்க, போதும்." இழுத்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கையைக் கடித்தாள். இடுப்பிலிருந்து சுருக்குப்பை விழுந்தது. உள்ளே மூட்டு மாத்திரை அட்டைகள். எல்லாம் காலி.

"எத்தனைடி தின்ன?"

"வலி போற வரைக்கும் தின்னேன். நீங்கதான காட்டினீங்க? மாத்திரையும் இலையும் சேத்துக் குடிச்ச எலிக்கு ஒன்னும் ஆகலைன்னு? கண்ணாடி கொடுத்துக் காட்டினீங்களே!"

பக்கத்து வீட்டுக் காரில் போட்டுக்கொண்டு பறந்தேன். முனையில் ஒரு மோட்டாரை உரசி அதன் கண்ணாடி போனது. நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காரை எடு என்றான் காவல்காரன். சட்டையைப் பிடித்து அவனைத் தூணில் மோதவிட்டேன். அதற்குள் நர்ஸ் மிசிகள் அவளை எடுத்துப் போய்விட்டார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

மழை. வாயில் குழாய் விட்டுப் பார்த்தார்களாம். வயிற்றில் குழி, அடியில் இரத்தக்குழாய் அரித்திருக்கிறது. அடைத்துவிட்டார்கள். இரத்தம் ஏற்றுகிறார்கள். பிழைப்பாள் என்றார்கள். என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் மகள் கலா. உலு திராமிலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறாள். பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சிமெண்டுத் தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். முற்றமெல்லாம் பச்சை.

"எலியோட எலியா அம்மாவையும் வெச்சிட்டீங்களேப்பா!"

அறைந்தேன். திருப்பி அறைந்தாள். பெற்ற மகள். காது இன்னும் இரைகிறது.

"அடிங்க. இன்னும் அடிங்க. அம்மா இனி என் வீட்டுலதான் இருப்பாங்க. நீங்க எலியோட குடித்தனம் பண்ணுங்க."

"மாத்திரைதான்டி அரிச்சது. இலை இல்ல."

"அந்த மாத்திரைய யாரு தைரியமா திங்க வெச்சது?"

மண்வெட்டியை எடுத்து மணத்தக்காளிப் பாத்தியைக் கொத்தினாள். பிடுங்கித் தூர எறிந்தேன். என்னைத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

மாத்திரைதான். இலை இல்லை. அது உண்மை. எவன் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் நான் கொடுத்தது ஒரு வேளை மாத்திரை. ஒரே நாள். அவள் தின்றது தினமும். அதை நான் எலிக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை.

வாங்கியதில் மிச்சம் நான்கு எலி இருக்கின்றன. கொத்திப்போட்ட பாத்தியில் தப்பிய இலையைப் பறித்து அரைத்தேன். நான்குக்கும் இலை. நான்குக்கும் வேளைக்கு வேளை மாத்திரை. லெ. தின்றது போலவே.

மார்ச் 20, வியாழன்

வெயில் இல்லை, மழையும் இல்லை. புழுக்கம்.

ஒன்று காலையிலேயே செத்திருந்தது. மற்ற மூன்றையும் அடித்து அறுத்தேன். நான்கிலும் புண். செத்ததன் வயிற்றில் ஓட்டையே விழுந்திருந்தது. சுண்டுவிரல் நகம் நுழையும். கழுவி, திருப்பிப் போட்டு, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஓட்டைதான்.

இலை தாங்கவில்லை. ஒரு நாள் தாங்கும். தினம் தின்றால் தாங்காது. எழுதிவிட்டேன்.

அம்மிக்குழவியைத் தூக்கிக் கூண்டின் மேல் போட்டேன். கம்பி நசுங்கியது. மறுபடி போட்டேன். கட்டைவிரல் கிழிசல் திறந்துகொண்டது.

கலாவுக்குப் போன் அடித்தேன். எடுத்தவள் லெ.

"நீ தின்ன மாதிரியே எலிக்குக் கொடுத்துப் பாத்தேன்," என்றேன். "இலையும் கொடுத்தேன். நாலுக்கும் புண்ணு. ஒன்னு செத்துப்போச்சு."

வார்டில் யாரோ தள்ளுவண்டி உருட்டும் சத்தம் கேட்டது.

"சாகுறதுக்கு முன்னாடி கத்துச்சாங்க?"

"இல்ல. மூலையில சுருண்டு கெடந்துச்சு."

"நானும் கத்தலை," என்றாள். வைத்துவிட்டாள்.