முழங்கால்வரை மருதாணி

ஸ்ஃபாக்ஸ், ஜூன் 3, 1998

அன்புள்ள நெஜிப்,

நலமா? அக்கரையில் நீங்கள் மீன்பிடிக்கும் கடல் அடங்கியிருக்கிறதா? எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் கல்யாணம். அதற்கு முன் உங்கள் அம்மாவும் அக்காவும் என்னை ஹம்மாமில், ஊர்ப் பெண்கள் கூடிக் குளிக்கும் இடத்தில், குளிப்பாட்ட அழைத்துப் போவார்கள். அந்த நீராவியில் எதைக் கட்டி மறைப்பது?

பதினாறு வயதிலிருந்து சலூனில் நின்றே வேலை. இடது காலில் நரம்பு கணுக்காலிலிருந்து முழங்காலுக்குப் பின்புறம்வரை புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. தொடையில் நீலமும் சிவப்புமாகச் சிலந்தி வலை. சாயங்காலமானால் கால் கல்லாகக் கனக்கிறது. நீளக் கால்சட்டையில்தான் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். தெரியாமல் கட்டிக்கொண்டதாக நாளைக்கு நீங்கள் நினைக்கக் கூடாது.

சித்தி வேறு, "கீறி, குடுவை வெச்சு கெட்ட ரத்தத்தை உறிஞ்சிட்டா சரியாயிடும்டி" என்று நச்சரிக்கிறாள். பதில் சீக்கிரம் போடுங்கள்.

உங்கள் ரௌதா

மசாரா, ஜூன் 17

என் ரௌதா,

இவ்வளவுதானா? படித்து முடிப்பதற்குள் உயிரே போய்விட்டது. வேறு எவனோ என்று நினைத்தேன்!

ஆனால் அக்காவின் வாய் உனக்குத் தெரியாது. ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மருதாணி போடுகிறவளிடம் முழங்கால்வரை அடர்த்தியாகப் போடச் சொல். கல்யாணத்துக்குள் டாக்டரிடம் காட்டிச் சரிசெய்துவிடு. அம்மாவிடம் மூச்சு விடாதே.

முத்தங்களுடன்,
நெஜிப்

ஸ்ஃபாக்ஸ், ஜூலை 2

அன்புள்ள நெஜிப்,

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மேலே ஏற வேண்டிய ரத்தம், நரம்புக்குள் இருக்கும் கதவுகள் சரியாக மூடாததால் கீழேயே தேங்குகிறதாம். சிலந்தி வலையால் ஆபத்தில்லை, பார்வைக்குத்தான் அசிங்கம். குடுவை என்றதும் கத்திவிட்டார். "அந்த நரம்பைக் குத்துனா ரத்தம் பீறிட்டு அடிக்கும், பைத்தியக்காரி!"

ஆபரேஷன் குளிர்காலத்தில்தான். "அப்புறமும் புதுசா வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பிள்ளை உண்டானா கூடவும் கூடும்" என்றார். அதுவரை காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் இறுக்கமான காலுறை போட வேண்டும். நடக்க வேண்டும், படுத்தால் காலை உயர்த்தி வைக்க வேண்டும், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. முடி வெட்டும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன். "என்னடி, கல்யாணக் குஷியில ஆடுறியா?" என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள்.

இந்தக் காலோடு நான் வேண்டுமா? அதை மட்டும் எழுதுங்கள்.

ரௌதா

மசாரா, ஜூலை 20

என் ரௌதா,

இதென்ன கேள்வி? வேண்டும்தான். ஆனால் ஹம்மாமுக்குப் போகாதே, காய்ச்சல் என்று சொல்லிவிடு. பிள்ளை உண்டானால் கூடும் என்றாரே, அதை வேறொரு டாக்டரிடமும் கேள். வீட்டிலும் நீளப் பாவாடை கட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? என் கண்ணிலேயே படாது.

அவசரமாக எழுதுகிறேன், படகு கிளம்புகிறது.

நெஜிப்

ஸ்ஃபாக்ஸ், ஆகஸ்ட் 9

நெஜிப்,

ஹம்மாமுக்குப் போனேன். மருதாணி போடாமல் போனேன். துண்டை அவிழ்த்தேன். உங்கள் அக்கா பார்த்துவிட்டுக் கைதட்டினாள். "அம்மா, உனக்கு ஜோடி வந்தாச்சு!"

உங்கள் அம்மாவுக்கு இரண்டு காலிலும் இருக்கிறது. என்னுடையதைவிட மோசம், கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்தே போய்விட்டது. அங்கே குளித்த பெண்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது. என் காலைப் பார்த்து யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை. நீங்கள் பயந்தது அக்காவின் வாய்க்கு இல்லை, உங்கள் கண்ணில் அது படுவதற்குத்தான்.

அம்மா என் முதுகைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "உன் மாமனார் சாகுறவரைக்கும் இதைப் பாத்ததில்ல, மருமவளே. வெளக்கை அணைச்சாத்தான் படுக்கைக்கே போவேன். நெஜிப்புக்கும் தெரியாது. வலின்னு சொன்னதேயில்ல." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் எனக்கு எழுதிய வாழ்க்கையை அந்த அம்மா வாழ்ந்து முடித்திருக்கிறார்.

உங்கள் மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. இப்போதும் இருக்கிறது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் என் வீட்டிலேயே ஒளிந்து வாழ என்னால் முடியாது. நேற்று உங்கள் வீட்டுக்குப் போய் நிச்சயத்தில் தந்த நகைப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னேன். அம்மா அழுதார். ஏன் என்று கேட்கவில்லை. உங்கள் ஜூலைக் கடிதத்தைப் பற்றி நானும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து என் கன்னத்தில் முத்தமிட்டு, உள்ளே அக்காவுக்குக் கேட்காதபடி சொன்னார்: "நல்ல காரியம் பண்ணே."

ரௌதா