ஏரிக்கு மேலே உள்ள சரிவு

செப்டம்பர் 28
எண்ணெய்க் கப்பல் கடைசியாக வந்து இரண்டு மாதம். இனி ஆஸ்பத்திரிக் கொதிகலன் விறகில்தான் ஓடவேண்டுமாம். குளிர்காலம் தாண்ட அறுநூறு லாரி மரம். கிழக்குக் காட்டில் ஐந்து மரத்துக்கு ஒன்றாக வெட்டினால் எவ்வளவு தேறும் என்று கேட்டார்கள். காட்டை அளந்தவள் நான்தானே, நானூறு என்றேன். மீதிக்கு ஏரிக்கு மேலுள்ள சரிவை மொட்டையடிப்பதென்று விறகுப் பொறுப்பிலுள்ள ராணுவ மேஜர் முடிவு செய்துவிட்டார். அங்கே மண்ணைப் பிடித்திருப்பது வேர்கள்தான். ஒரு பெருமழை போதும், ஊர் குடிக்கிற ஏரி சேறாகிவிடும். சொன்னேன்.
"தண்ணியில்லன்னா வேற ஊர்லருந்து கொண்டு வரலாம்மா. குளிருக்கு என்ன பண்றது?"
குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 30
அந்தக் கொதிகலனைப் பார்த்துக்கொள்வது என் தம்பிதான். சாப்பிடும்போது புலம்பிவிட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.
"பொறந்த குழந்தைங்க வார்டு இருக்குக்கா. உனக்கு மரம்தான் பெரிசா?"
இல்லைடா. இரண்டும் வேண்டும். இப்படிக் கேட்பது பேராசையா?

அக்டோபர் 2
இன்னும் பேசவில்லை. பிடிவாதத்தில் என்னையே உரித்து வைத்திருக்கிறான்.

அக்டோபர் 4
நாளைக்கு வெட்டு. சரிவு மரங்களுக்குச் சாயம் பூசும் வேலையும் என் தலையில்தான். போகிற வழியில் கிழக்குக் காட்டில் மூச்சு வாங்க நின்றேன். நான் சாய்ந்து நின்ற மரம் எண் நாற்பத்தொன்று. குறிப்பேட்டைப் புரட்டினால், சுற்றளவு 32 சென்டிமீட்டர். அது என் கெண்டைக்கால் பருமன். இந்த மரத்தைக் கட்டிப்பிடித்தால்தான் கைகள் சேர்கின்றன.
ஐயையோ, என்ன பண்ணித் தொலைச்சேன்! அளவு நாடாவில் ஒரு பக்கம் சுற்றளவு, மறு பக்கம் விட்டம். காய்ச்சலோடு அளந்த அன்று, விட்டத்தைப் பார்த்துச் சுற்றளவு என்று எழுதியிருக்கிறேன். கடைசி நாள் பக்கம் முழுவதும் அப்படித்தான்; அந்த மரங்களெல்லாம் நான் எழுதியதைவிட மூன்று மடங்கு பருமன். இருபது வருஷ சர்வீஸ், கேவலம்!
ஓட்டமும் நடையுமாக மேஜரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். வெட்டை நிறுத்தி வைத்து, மறுபடி அளக்க ஆறு பேரைக் கொடுத்தார்.

அக்டோபர் 7
கிழக்குக் காட்டிலேயே அறுநூற்று முப்பது லாரி! இரண்டு முறை கூட்டிப் பார்த்தோம். சரிவில் கை வைக்க வேண்டியதில்லை.
மேஜர் சிரித்தார். "தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ற வாய்க்குச் சர்க்கரை போடலாம்னு இன்னிக்குத்தான் தோணுது."
அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நிம்மதியில்தான்.

நவம்பர் 19
மூன்று நாளாகப் பெருமழை கொட்டுகிறது. மதியம் தம்பி வந்தான். வார்டில் சூடு அதிகம், சன்னலைத் திறக்கச் சொல்லித் தாய்மார்கள் சண்டை போடுகிறார்களாம். பெருமை தாங்கவில்லை அவனுக்கு. தாகம் என்றான். குழாயைத் திறந்து ஏரித் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், கலங்கலே இல்லை; என்னையும் பார்த்தான். முழுதும் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டான்.