அப்பா போட வேண்டிய கையெழுத்து

கசாமா
1999 அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் மும்பி எழுதுகிறேன். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் வராததால், தபால் பெட்டியின் சாவியைத் தொலைத்துவிட்டீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நானும் குழந்தை முத்தாலேயும் எஸ்னாட் அத்தை வீட்டில் சுகமாக இருக்கிறோம். முத்தாலேவுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. உங்கள் தங்கை வழக்கம்போல எல்லோரையும் திட்டிக்கொண்டே எல்லோருக்கும் சமைத்துப் போடுகிறாள்.

போன வாரம் குழந்தைக்கு எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திருமதி நமுகோலோ. குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் உதவும் சங்கம் ஒன்று சந்தைக்குப் பின்னால் இரண்டு அறையில் நடக்கிறது, அதில் வேலை செய்கிறார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "எந்த வகுப்புல நிறுத்துன?" என்றுதான் கேட்டார்.

"பதினொன்னு."

"நிறுத்தினது நீயா, அவங்களா?"

"அவங்க."

"பிள்ளை பெத்த பொண்ணைத் திரும்பச் சேர்த்துக்கணும்னு அரசாங்க உத்தரவு வந்து ரெண்டு வருஷமாச்சே. உன்கிட்ட யாருமே சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை அப்பா.

மறுநாளே இங்குள்ள பள்ளிக்கு என்னைக் கூட்டிப்போனார். தலைமையாசிரியர், "ஒரு அழுகின தக்காளி போதும்மா, கூடையே போயிடும்" என்றார். நமுகோலோ அம்மா, "இவ தக்காளி இல்லீங்க ஐயா. கணக்குல எண்பத்திரண்டு மார்க்" என்றார். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. தகப்பன் உயிரோடு இருந்தால் தகப்பன்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அத்தை போட்டால் ஏற்கமாட்டாராம்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜனவரியில் பள்ளி திறக்கிறது. அம்மாவையும் தம்பிகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
மும்பி

கபிரி
1999 நவம்பர் 6

மும்பிக்கு,

மூன்று கடிதமும் வந்தன. சாவி பத்திரமாக இருக்கிறது.

பன்னிரண்டு வருடம் சபையில் மூப்பராக இருந்தேன். இப்போது இல்லை. யாரும் விலக்கவில்லை. போதகர் வீட்டுக்கு வந்து, "கொஞ்ச நாள் ஓய்வா இருங்க சிசாலா" என்றார். அவ்வளவுதான். ரயில் பணிமனைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

உன்னைப் பள்ளியில் சேர்க்க ஒரு முறை கையெழுத்துப் போட்டேன். ஒரு மகளுக்கு ஒரு முறை போதும். என் வீட்டு விஷயத்தில் அந்த அம்மாளுக்கு என்ன வேலை என்று கேட்டு எழுது.

உன் அம்மா துணியும் காய்ந்த மீனும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மழை ஆரம்பித்துவிட்டது, குழந்தையைக் கொசுவலைக்குள் படுக்க வைக்கச் சொல்கிறாள். இருமல் வந்தால் சாதாரணமாக விட்டுவிடாதே. இது அவள் சொன்னதில்லை.

சிசாலா

கசாமா
1999 டிசம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்கச் சொன்னதை நமுகோலோ அம்மாவிடம் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "உங்க அப்பா கேக்குறது நியாயம்தான். அங்க எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அவர் செய்ய வேண்டிய வேலையைத்தான் கொஞ்ச நாளா நான் பார்க்குறேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

சனிக்கிழமைகளில் சங்கத்தில் பதினொரு பெண்கள் கூடுகிறோம். குழந்தைகள் பாயில் உருளும். சட்டம் தெரிந்த ஒருவர் வந்து உத்தரவை வரிவரியாகப் படித்து விளக்குகிறார். சின்ன வகுப்புக்காரிகளுக்கு நான் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் மாதம் என்னை ரயிலேற்றி விட்ட அன்று நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை மட்டும் மேலே தூக்கி வைத்தீர்கள். தவறு செய்தேன், தெரியும். என்னோடு சேர்ந்து செய்தவன் ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிடவில்லை. அவன் அப்பா வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் பேச்சை நிறுத்தியிருக்கமாட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சங்கம் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனு கொடுத்தது. ஜனவரி ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெற்றவர் வந்தால் நல்லதாம். கெஞ்சி எழுதவில்லை அப்பா. தகவல் சொல்கிறேன்.

மும்பி

கபிரி
2000 ஜனவரி 9

மகளுக்கு,

ஐந்தாம் தேதி நான் கசாமாவில் இருந்தேன்.

அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ரயிலேறினேன். கல்வி அலுவலகத்துக்கு வெளியே, திறந்திருந்த ஜன்னல் ஓரமாக நின்றேன். உள்ளே பேசியதெல்லாம் கேட்டது. "குழந்தையை யார் பார்த்துக்குவா?" என்றார் அதிகாரி. "பகல்ல அத்தை, சாயங்காலம் நான்" என்றாய். "மறுபடியும் இப்படி ஆகாதுன்னு என்ன நிச்சயம்?" என்றார். "இந்தக் கேள்வியை எந்தப் பையன்கிட்டயாவது கேட்டிருக்கீங்களா ஐயா?" என்றாய். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

அப்புறம் அந்த அம்மாள் வெளியே வந்தார். "மும்பியோட அப்பாங்களா?" என்று நேராக என்னிடமே கேட்டார்.

"நான் இல்லை. வேற வேலையா வந்தேன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரிங்க. உள்ள ஒரு நாற்காலி காலியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தகப்பன் கையெழுத்துக்குப் பதினான்கு நாள் தவணை என்று அதிகாரி சொன்னதைக் கேட்டுவிட்டு, நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ரயில் மாலையில்தான் வந்தது. அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் நிறையப் பேரைச் சபையில் நிறுத்தி விசாரித்திருக்கிறேன் மும்பி. அவர்களில் யாரும் பெற்ற பிள்ளையை இல்லை என்று சொன்னதில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இடம் சரியா என்று அந்த அம்மாளிடம் காட்டு. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறதென்று எழுது.

அப்பா

கசாமா
2000 ஜனவரி 30

அன்புள்ள அப்பாவுக்கு,

சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் வகுப்பில் ஒருத்தி, "அம்மா வந்திருக்காங்க, எல்லாரும் எந்திரிங்கடி" என்றாள். "பரவாயில்ல, உட்காருங்க பிள்ளைங்களா" என்றேன். சிரித்து ஓய்ந்ததும் அவளே பக்கத்தில் இடம் விட்டாள். தலைமையாசிரியர் இன்னும் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். திரும்பட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அத்தையிடம்கூடப் பேசவில்லை. கோபம் முழுதாகப் போகவில்லை அப்பா. ஆனால் நீங்கள் மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அதை நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நமுகோலோ அம்மாவுக்கு உங்களிடம் ஒரு உதவி வேண்டுமாம். கபிரி சந்தைத் தெருவில் லுபிண்டா என்று ஒரு லாரி டிரைவர். மகள் பத்தாம் வகுப்பு, கைக்குழந்தை இருக்கிறது. அவர் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். சங்கத்துக்கு அங்கே ஆள் இல்லை. "உங்க அப்பா போய்ப் பேசுவாரா? நாங்க பேசினா, ஊரான் வீட்டு வம்புன்னுதான் நினைப்பாங்க" என்றார். கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மகள்
மும்பி

கபிரி
2000 பிப்ரவரி 20

அன்பு மகள் மும்பிக்கு,

போனேன். முதல் நாள் லுபிண்டா கதவில் கை வைத்தபடியே, "நீங்க யாரு?" என்றார். "என் மகளும் இப்படித்தான். பேரு மும்பி" என்றேன். கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த ஞாயிறு வெளியே நாற்காலி போட்டார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லாரி டயரைப் பற்றியே ஒரு மணி நேரம். நேற்று மூன்றாம் முறை. அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் உள்ளே போனதும், "சேர்த்த பிறகு பொண்ணுங்க கேலி பண்ணலையா?" என்றார் மெதுவாக. நீ எழுதியதைச் சொன்னேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "எழுதப் படிக்கத் தெரியாதவன் அந்தப் படிவத்துல எங்க போடணும்?" என்று கேட்டார். அவருக்கிருந்த வெட்கம் அது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கட்டைவிரல் போதும் என்றேன். சரியா என்று விசாரித்துச் சொல்.

உன் அம்மா ஈஸ்டருக்கு உங்கள் இருவரையும் எதிர்பார்க்கிறாள். நானும்தான்.

நமுகோலோ அம்மாளிடம் வெற்றுப் படிவம் ஐந்தாறு வாங்கி அனுப்பு. லுபிண்டாவுக்கு ஒன்று. மற்றவை என்னிடம் இருக்கட்டும், இந்த ஊரில் தேவைப்படும்.

அன்புடன்
அப்பா