கூத்தனார் வீட்டுக் கூரைச் சாளர வழக்கு

வளம் பொலிக. கொன்றைநாட்டின் மலைகளுக்கும் மடைகளுக்கும் உரிய கோ, பெயரைக் கேட்டதுமே பகைவர் பாதி ஊரைக் காலி செய்யும்படியான பெருவீரர், இருஞ்சேட்கோ தேவரின் திருவடி நோக்கி, முன்னாள் அமைச்சனும் இந்நாள் வேலையற்றவனுமாகிய எயினங்கூத்தன் விடுக்கும் ஓலை. அரண்மனையும் யானைக்கொட்டிலும் அரசியாரின் மயில்களும் நலமே விளங்குக.

முதற்கண் ஒரு செய்தி. கதிரவன் இப்போது அடியேன் வீட்டில் வேலைக்கு இருக்கிறான். காலையில் கூரை வழியே இறங்கி, கூடத்தைத் துடைத்து, அரிசியில் கல் பொறுக்க உதவி, மாலையில் சொல்லிக்கொண்டு போகிறான். அவன் வந்த நாள்முதல் எம் வீட்டில் அணைந்த விளக்குகூட எரிகிறது. அந்த வெளிச்சத்தில் அரசாணையே படிக்கலாம். தேவரீர் நகைப்பது இங்கே கேட்கிறது. சாட்சி இவ்வோலையின் அடியில் இருக்கிறது, பொறுத்து வாசித்தருள்க.

தேவரீரின் பாட்டனார் காலத்தில், கிளி ஒன்று அமைச்சர் வீட்டுச் சாளரத்தில் அமர்ந்து இரகசியம் கேட்டுச் சந்தையில் சொல்லிவிட்டதாம். அமைச்சர் வீட்டுச் சுவர்களில் சாளரம் கூடாதென்று அன்றே ஆணை பிறந்தது. அதுமுதல் நாட்டின் அறிவாளிகள் எல்லாரும் இருட்டில் வாழ்கிறார்கள். தேவரீர் அவையிலேயே அதன் விளைவைக் கண்டிருப்பீர். அடியேனுக்கு மட்டும் இது உறைக்கவில்லை. விடியுமுன் அரண்மனைக்குப் போய், விளக்கு வைத்தபின் திரும்புகிறவனுக்கு வீட்டில் பகல் என்று ஒன்று உண்டா என்பதே தெரியாதல்லவா. பணி ஓய்ந்த முதல் நாள், துணைவி பூதியார் நிற்பதாக எண்ணித் தூணிடம் மோர் கேட்டேன். தூண் தரவில்லை. பூதியார் அடுக்களையிலிருந்து வந்து, விளக்குப் புகையால் நீர் வழியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இது: "ஓய்வு உமக்கு வந்துவிட்டது. எனக்கு வெளிச்சம் எப்போது வரும்? வருகிற அமாவாசைக்குள் இந்த வீட்டுக்குப் பகல் வராவிட்டால், பகல் இருக்கிற என் தம்பி வீட்டுக்கு நான் போகிறேன்."

போர்முரசுக்கு அஞ்சாத அடியேன் அன்று அஞ்சினேன். பூதியார் இல்லாத வீட்டில் தூணோடு எத்தனை நாள் பேசுவது? பாட்டனாரின் ஆணையைத் தேடிப் படித்தேன். சுவர் என்றுதான் இருந்தது. கூரையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆனால் அமைச்சர் புத்தி எங்கே போகும்? எதுவும் முதலில் மூத்தவருக்கே வரவேண்டும் என்ற முறைப்படி, என் இருக்கைக்கு நேர் மேலே, தென்சரிவில் ஓடுகளை எடுக்கச் சொன்னேன். வெளிச்சம் வந்தது, முறை தெரியாததாக வந்தது. காலையில் என்னைக் கண்டுகொள்ளாமல் உரலுக்கு மரியாதை செய்தது. நண்பகலில் என் வழுக்கையில் இறங்கியது. அதன்மேல் அப்பளம் வைத்தால் பொரியும் என்று ஊரார் சொன்னார்கள், இரண்டு வைத்தோம், பொரிந்தன. வெளிச்சத்தின் பின்னாலேயே இருக்கையைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். சாயங்காலம் மாட்டுக்கொட்டிலில் இருந்தேன்.

பிறகு திட்டம் பூதியார் கைக்குப் போனது. வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் நாள் முழுதும் கோலமாவால் வட்டமிட்டுப் பார்த்தார். வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும், ஆகவே வடசரிவு என்றார். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே, கொல்லைப் புன்னைமரத்தின் சருகு விழாத இடம் பார்த்து, மழைநீர் உள்ளே எட்டிப் பார்க்காதபடி ஓடுகளைவிட உயர்ந்த மரச்சட்டம் வைத்து, மேலே சாய்வாக ஒரு கண்ணாடிப் பலகை பொருத்தச் செய்தார். உட்புற வாயைக் கீழ்நோக்கி விரித்துச் சுண்ணாம்பு பூசினால் வெளிச்சம் அகலமாய்ப் பரவும் என்றதும் அவரே. அடியேன் பங்கு கீழே நின்று தலையசைத்தது. பதவியில் நன்றாகப் பழகிய வேலை.

செய்தி விளக்கு நாயகம் வெண்காடனாருக்கு எட்டியது. அமைச்சர் வீடுகளுக்குப் பகல்விளக்கு ஏற்றுவிப்பதே அவர் பதவி. வீடுகளில் பகல் வந்துவிட்டால் பாவம் அவர் எங்கே போவார்? கூரையிலிருந்து வெளிச்சம் வரும் என்பது கட்டுக்கதை என்றும், ஒற்றர்தாம் அங்கே வௌவாலாய்த் தொங்குவர் என்றும், கதிரவன் அயல்நாடுகளுக்கும் போய்வருகிறவனாதலால் நம்பத் தகாதவன் என்றும் தேவரீர் பெயரால் ஆணை வரைந்து, சாளரத்தை அடைக்கப் புறப்பட்டார்.

அமாவாசைக்கு முந்தின நாள் நண்பகல். சுண்ணாம்புக் குழம்போடு ஆட்கள் வாசலில் நிற்க, தம் பதவிக்குரிய கைவிளக்கோடு உள்ளே வந்தார். சாளரம் அடைபட்டால் தம்பி வீட்டுக்குப் புறப்பட, பூதியாரின் துணிமூட்டை கதவருகே கட்டித் தயாராக இருந்தது. நாயகர் ஆணையை உரக்கப் படித்தார். எறும்பு ஊர்ந்தாற்போன்ற பொடி எழுத்து, ஓரிடத்திலும் தடுக்கவில்லை. படித்து முடித்து, தம் விளக்கு ஒன்றே இக்கூடத்துக்குப் போதும் என்பதை யாவரும் கண்ணால் கண்டபடியால், கூரைச் சாளரத்தால் யாதொரு பயனும் இல்லையென்று அறிவித்தருளினார்.

பூதியார் அவ்விளக்கின் திரியை இரு விரலால் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். குளிர்ந்திருந்தது. வாசற்காற்றிலேயே அணைந்துபோயிருந்தது.

"நாயகரே, எந்த வெளிச்சத்தில் படித்தீர்?" என்றார்.

நாயகர் விளக்கைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார், நெடுநேரம் கூரையைப் பார்த்தார். வாசலில் சுண்ணாம்பு இறுகிக்கொண்டிருந்தது. பிறகு மோர் கேட்டார். தூணிடம் அல்ல, சரியாகப் பூதியாரிடமே.

ஆகையால் இச்சாளரம் என்றும் திறந்திருக்கத் தேவரீர் விரைந்து ஆணை தந்தருள வேண்டும். மூட்டை இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அவைக் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தருள்க. இருப்பவர் யார், உறங்குபவர் யார் என்று தெரியவரும். அரச முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டபடியால், வீட்டு அச்சுமுறுக்கு அச்சு இங்கே பதிக்கப்பட்டது. கொன்றை பூக்கும் காலமெல்லாம் கோ வாழ்க.

சாட்சி: விளக்கு அணைந்திருந்தது மெய். ஆணையை முழுதும் படித்தது மெய். கதிரவன் வேலைக்கு இருப்பதாகக் கூத்தனார் சொல்வது மிகை. ஆனால் வந்திருந்தான், பார்த்தேன். இப்படிக்கு, விளக்கு நாயகம் வெண்காடன்.